முந்தி வந்த கூழ்

ருஷ்யாவின் வடக்கே தோத்மாவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பும் முன்பே சிலர் காப்பாவுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். படகுத்துறைக்கு மேலே மேட்டில் இருந்த உணவகத்தின் சாப்பாட்டுக் கூடம் அவள் பொறுப்பு. முழுப்பெயர் கபித்தோலினா யெகோரவ்னா. வயதில் ஒத்தவர்கள் அப்பன் பெயரை மட்டும் சொல்லி 'யெகோரவ்னா' என்பார்கள், சிறியவர்களுக்குக் காப்பா அத்தை.

அந்தக் கட்டடம் முன்பு துறைமுகத் தொழிலாளர்களின் கான்டீனாக இருந்தது. பாத்திரம் கழுவும் பெண்ணாக அவள் உள்ளே நுழைந்தபோது கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. அப்புறம் கல்யாணம் ஆனது, கணவன் வேறொருத்தியோடு செரெப்பவெத்ஸுக்குப் போனான், மகளும் வளர்ந்து அதே ஊருக்கே வேலைக்குப் போனாள். நீராவிப் படகுப் போக்குவரத்து நின்றது, கான்டீன் பூட்டிக் கிடந்தது. வோலக்தாவிலிருந்து ரொஸ்திஸ்லாவ் என்ற இளைஞன் வந்து வாங்கி, சுவரெல்லாம் மரக்கட்டை அடித்து, வாசலில் பஞ்சு அடைத்த கரடி ஒன்றை நிறுத்தி, 'பழைய ருஷ்யச் சாப்பாடு' என்று பலகை மாட்டினான். "காப்பா கட்டடத்தோட சேர்ந்து வந்த சாமான்" என்று அவன் விளையாட்டாகச் சொல்வான். அவளும் சிரிப்பாள். ஆனால் சாமானைப் பழசானால் தூக்கிப் போட்டுவிடுவார்களே என்ற பயம் அந்தச் சிரிப்புக்கு அடியில் எப்போதும் கிடந்தது.

கோடையில் பஸ் பஸ்ஸாக வெளியூர்க்காரர்கள் வருவார்கள். உப்பில் ஊறிய காளானைப் புளிப்புப் பாலாடையோடு சாப்பிடுவார்கள். மண்ஜாடியில் தேன்மது, கிரான்பெர்ரிச் சாறு, முழு மீனை உள்ளே வைத்து மூடிச் சுட்ட ரொட்டி. பரிமாறுகிற பெண்கள் மணி கோத்த தலையணி வைத்துக்கொண்டு வாசலில் ரொட்டியும் உப்பும் ஏந்தி நிற்க வேண்டும்.

"நாம அன்னாடம் வீட்டுல திங்கறதைத் திங்க இதுங்க பஸ் ஏறி வருதுங்க பாருடி" என்பாள் சமையற்காரி ஃபைனா. "என் மாமியாரு இதே மீன் ரொட்டியைத்தான் எனக்கு முன்னால வைப்பா. அப்பல்லாம் ஒரு பய போட்டோ எடுக்கல."

குளிர்காலத்தில் கல்யாணமும் துக்கமும்தான் உணவகத்தைக் காப்பாற்றின. கல்யாணத்தை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். துக்கப் பந்திக்குக் காப்பா வேண்டும். முள்கரண்டி வைக்கக் கூடாது, கரண்டி மட்டும்தான். முதலில் தேன் விட்ட கோதுமைச் சோறு, எல்லோரும் அதில் ஒரு வாய். பிறகு அப்பம், மீன் ரொட்டி, சூடாக சூப். வோட்காவை உயர்த்தலாம், கோப்பையோடு கோப்பை முட்டக் கூடாது. இறந்தவரின் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை, அதன் மேல் கறுப்பு ரொட்டித் துண்டு. கடைசியில் ஓட்ஸ் கூழ். கிசெல் என்று பெயர். ஊறவைத்துப் புளித்த ஓட்ஸ் பாலைக் கிண்டிக் கெட்டியாக இறக்குவது, சாம்பல் நிறம், பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது மேசைக்கு வந்துவிட்டால் பந்தி முடிந்தது என்று பொருள். சாப்பிட்டு, சிலுவை போட்டு, எழுந்துவிட வேண்டும். துக்க வீட்டில் 'கிளம்புங்கள்' என்று ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்ல முடியாதல்லவா, அதைக் கூழ் சொல்லிவிடும்.

இன்னொன்றும் உண்டு. துக்கப் பந்திக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவனைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. ஜென்மப் பகையாளி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாலும் அவன் முன்னால் அப்பத்தை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

ஆற்றில் படகுகளுக்கு வழிகாட்டும் மிதவை விளக்குகளைப் பராமரித்து வந்த சவ்வாத்திக் கிழவர் செத்தது, சுகோனா ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்க்கொண்டிருந்த வாரத்தில். காலையில் அடக்கம், மதியம் பந்தி. கறுப்புத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு காப்பா மேசைகளுக்கு நடுவே நடமாடிக்கொண்டிருந்தாள். கிழவரின் மனைவி பெலகேயா படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள், வந்தது யாரென்று தெரிந்ததும் மறுபடி மேசைத் துணியின் ஓரத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

யாரை எதிர்பார்க்கிறாள் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மூத்த மகன் அர்செனி. தன் கல்யாணப் பந்தியிலேயே குடித்துவிட்டு அப்பன் மேல் கை ஓங்கியவன். "இனி என் மேசையில் உனக்கு இடம் கிடையாது" என்று சவ்வாத்தி அத்தனை பேர் முன்னால் சொன்னார். மகன் முர்மான்ஸ்க்குப் போய் மீன்பிடிக் கப்பலில் ஏறினான். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் தலை காட்டவில்லை. அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை.

சூப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது ரொஸ்திஸ்லாவ் தொலைபேசியில் அழைத்தான். அவன் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ தலைமேல் விழப்போகிறது என்று அர்த்தம்.

"கபித்தோலினா யெகோரவ்னா, மாஸ்கோ பஸ்ஸு முன்னாலயே வந்துடுச்சு. மியூசியம் பூட்டிக் கிடக்காம். நேரா நம்மகிட்டதான் வர்றாங்க."

"துக்கத்துக்காரங்க இன்னும் சூப்புலதான் இருக்காங்க."

"அவங்களை எழுப்புங்கன்னு நான் சொல்லல. சொல்லவே மாட்டேன். நீங்க இருக்கீங்க, சமாளிச்சுடுவீங்க. இந்த டூர் கம்பெனி வருஷம் முழுக்க ஆளு அனுப்பறேங்கறாங்க, பாத்துக்குங்க."

அந்த மாஸ்கோக்காரர்களைக் கொஞ்ச நேரம் ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்கலாம். பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போவதைப் பார்க்க அவர்களுக்கு ஆசையாகத்தான் இருந்திருக்கும். வாசலிலேயே ஆளுக்கொரு கோப்பை தேன்மது கொடுத்துப் பேச்சில் பிடித்து வைத்திருக்கலாம். இதெல்லாம் காப்பாவுக்குப் பிறகு தோன்றியது, ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த நிமிடத்தில் தோன்றியது ஒன்றுதான். அவள் அடுப்படிக்குப் போனாள்.

"ஃபைனா, கூழை ஊத்து."

"என்னடி, சூப்புத் தட்டே இன்னும் திரும்பி வரல. அதுக்குள்ள கூழா?"

"ஊத்துன்னா ஊத்து."

"போரீஸ் கிழவன் பேசறேன்னு எழுந்து நிக்கறான். அவனாவது பேசி முடிக்கட்டுமே. செத்தவனுக்குப் பண்ற பாவம்டி."

"பாவம் வந்தா எனக்குத்தானே வரும். நீ ஊத்து."

கிண்ணங்கள் போயின. மிதவை வேலையில் கிழவரோடு பாதி ஆயுளைக் கழித்த போரீஸ், கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றவர், தன் முன்னால் வந்து உட்கார்ந்த சாம்பல் நிறக் கிண்ணத்தைப் பார்த்தார். பேச வந்ததை விழுங்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கூடம் முழுவதும் பெலகேயாவைப் பார்த்தது. அவள் ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள். அவ்வளவுதான். பெஞ்சுகள் பின்னால் தள்ளப்பட்டன, சிலுவை போட்டார்கள், கோட்டுகளை மாட்டிக்கொண்டார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எவ்வளவு லட்சணமாக முடித்துவிட்டோம் என்று காப்பாவுக்கு உள்ளே ஒரு நிறைவுகூட வந்தது. அந்த நிறைவைத்தான் அவளால் பிற்பாடு தாங்கவே முடியவில்லை.

கறுப்புத் துணியை அவிழ்த்துவிட்டு மணித் தலையணியை வைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. ரொட்டி, உப்பு, சிரிப்பு, கேமராக்கள். மாஸ்கோக்காரர்கள் உட்கார்ந்து காளானை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கையில், தாடி வைத்த ஒரு ஆள் உள்ளே வந்து கரடிக்குப் பக்கத்தில் நின்றான். பூட்ஸ் முழங்கால்வரை சேறு. தோளில் கித்தான் பை.

"துக்கப் பந்தி இங்கதானே?"

"முடிஞ்சு போச்சே."

"கூழும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. சாப்பிட்டு எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. வேணும்னா வீட்டுக்குப் போய்ப் பாருங்க."

அவன் சரி என்று தலையசைத்தான். அவள் தலையில் ஆடிக்கொண்டிருந்த மணிகளையே பார்த்தான். மேசையிலிருந்து ஒரு பெண்மணி, "கொஞ்சம் இப்படித் திரும்புங்களேன், வெளிச்சம் நல்லா விழுது" என்று கூப்பிட்டாள். காப்பா திரும்பினாள். மறுபடி வாசலைப் பார்க்கையில் அவன் இல்லை. அடுப்படியில் துக்கத்துக்குச் சுட்ட அப்பம் அடுக்காக மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்து அவன் கையில் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

உள்ளே போனபோது ஃபைனா ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"அங்க போறானே, அது சவ்வாத்தியோட மூத்தவன்தானே? நடையைப் பாரு. கிழவனே எந்திரிச்சு நடந்து போற மாதிரி இருக்கு."

தலையணியோடு காப்பா தெருவுக்கு ஓடினாள். அவன் பஸ் நிறுத்தத்துப் பக்கம் திரும்பிவிட்டிருந்தான். கத்திக் கூப்பிட வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? வா, நீ வரும் முன்பே பந்தியைக் கலைத்தது நான்தான் என்றா? உள்ளே ரொஸ்திஸ்லாவின் விருந்தாளிகள் மேசை மணியை அடித்துக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பினாள்.

அவன் அம்மா வீட்டுக்குப் போகவில்லை என்பது மறுநாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது தெரிந்தது. பெலகேயா வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"வரல யெகோரவ்னா. அப்பன் குழியில இறங்கறப்பகூட வரல. செத்தது ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு வச்சுக்கிட்டேன். இத்தனை வருஷமா உயிரோட இருக்கறவங்க நலத்துக்குன்னு கோயில்ல பேரு கொடுப்பேன்ல, முதல் பேரு அவன் பேருதான். வர்ற ஞாயித்துக்கிழமை கொடுக்கப் போறதில்ல."

"வழியெல்லாம் சேறு… பஸ்ஸு ஏதாவது…"

"மனசு இருந்தா நடந்து வரலாம். நீ ஏம்மா அவனுக்காகப் பேசற? அன்னிக்கு நீ எவ்வளவு ஒழுங்கா நடத்திக் கொடுத்த. உன்னை மாதிரி ஒருத்தி இல்லன்னா நான் தவிச்சுப் போயிருப்பேன்."

காப்பா வாளியை நிறைய விட்டு வழியவிட்டாள். வீட்டுக்கு வந்து மீன் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்ப் பெலகேயாவிடம் கொடுத்தாள். அடுத்த வாரம் தேன் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க அந்தக் கிழவி இன்னும் நன்றாக வாழ்த்தினாள். வேலையிலும் கை ஓடவில்லை. கூழ் கிளறும் வாசனை வந்தால் கூடத்துக்குப் போய்விடுவாள்.

"சொல்லித் தொலையேன்டி," என்றாள் ஃபைனா. "இல்லன்னா மறந்து தொலை. ரெண்டுல ஒண்ணு பண்ணு. இப்படி என் சமையலை முறைச்சுக்கிட்டு நிக்காத."

"சொன்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், உன்னைத் திட்டுவா. நீ என்ன சக்கரையா, கரைஞ்சு போக?"

நாற்பதாம் நாள் நெருங்கியது. அந்த நாளில்தான் ஆத்மா விடைபெற்றுப் போகும். மறுபடி பந்தி போட வேண்டும். ஒரு காலையில், காப்பா வெறும் கூடத்தில் மேசை துடைத்துக்கொண்டிருக்கும்போது, பெலகேயா உள்ளே வந்து கரடியைச் சுற்றிக்கொண்டு நடந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நாப்பதையும் உன்கிட்டயே ஒப்படைச்சுடறேன். உன்னை மாதிரி யாரு செய்வா?"

காப்பா துணியைப் பிழிந்தாள். பிழிய அதில் ஈரமே இல்லை.

"பெலகேயா நிக்கீஃபரவ்னா, உங்க மகன் வந்தான்."

கிழவி அவள் பக்கம் திரும்பினாள்.

"பந்தி கலைஞ்ச பிறகு வந்தான். இங்கதான் நின்னான். எனக்கு அடையாளம் தெரியல. முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன். போயிட்டான்." நிறுத்தினால் அப்புறம் வராது என்று தெரிந்து ஒரே மூச்சில் சொன்னாள். "அது முடிஞ்சிருக்கவே கூடாது. பஸ் வந்துச்சுன்னு நான்தான் கூழை முன்னாலயே அனுப்பினேன். நேரத்துக்கு அனுப்பியிருந்தா அவன் வர்றப்ப நீங்க எல்லாரும் உக்காந்திருப்பீங்க."

"எங்களை நீ எழுப்பி விட்ட."

"ஆமா."

"கூழைப் பாத்ததும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? சீக்கிரமே வந்துடுச்சே, கடவுளுக்கே என் மேல இரக்கம் வந்து போய்ப் படுடின்னு சொல்றாருன்னு நினைச்சேன்." பெலகேயாவின் குரல் உயரவே இல்லை. "அது நீதானா? மாஸ்கோக்காரனுக்குக் காளான் வைக்கவா?"

காப்பா துணியை மேசை மேல் வைத்தாள்.

"அவன் நம்பர் இருக்கு. நான் பேச மாட்டேன். நீ பண்ணினதை நீயே அவன்கிட்ட சொல்லு." எங்கேயும் பார்க்காமல் எண்ணைச் சொன்னாள். ஒரு தடவைகூட அழைத்திராத எண், தலைகீழாக மனப்பாடமாக இருந்தது.

தொலைபேசி அடுப்படிக்குப் போகும் நடையில் இருந்தது. இடையில் கதவு. நெடுநேரம் மணி அடித்து ஒரு ஆண்குரல் எடுத்தது. காப்பா தன் பெயரைச் சொன்னாள், உணவகத்தைச் சொன்னாள், கூழைச் சொன்னாள். மறுமுனையில் பின்னால் எங்கோ கடற்பறவைகள் கத்தின.

"காப்பா அத்தை," என்றான் கடைசியில், "கிரீடம் வச்சுக்கிட்டு நின்னது நீங்கதானே?"

"நான்தான்பா."

"நீங்க எதுக்கு அழறீங்க? நான் லேட்டா வரல. காலை பஸ்லயே வந்துட்டேன். கல்லறையில பிர்ச் மரத்துக்குப் பின்னால நின்னேன். அப்புறம் உங்க ஜன்னலுக்கு எதிர்ல, படகுக் கொட்டகைகிட்ட நின்னு சிகரெட் பிடிச்சேன். அம்மா உக்காந்திருந்தது தெரிஞ்சுது. கதவுவரைக்கும் வருவேன், பிடியைத் தொடுவேன், திரும்பிடுவேன். அவரு இடமில்லன்னு சொன்ன மேசையாச்சே."

"துக்கப் பந்தியில யாரு உன்னைத் துரத்தப் போறா?"

"யாரும் துரத்த மாட்டாங்க. அதான் பயமே. அப்பத்தை என் பக்கம் நகத்துவாங்க. அதை நான் எப்படித் திங்கறது?" மூச்சு விட்டான். "கிண்ணம் கிண்ணமா கூழ் போறதைப் பாத்தேன் அத்தை. அப்பாடான்னு இருந்துச்சு. எல்லாரும் போன பிறகு உள்ள வந்து உங்களைக் கேட்டேனே, முடிஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். வந்தான்னு சொல்ல ஒரு ஆளாவது வேணும்ல."

காப்பா சுவரில் சாய்ந்தாள். இத்தனை வாரமாக மார்பில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கி எடுத்தது போல இருந்தது. கதவைத் திறந்து நாலு எட்டு வைத்தால் போதும், 'உங்க மகன் வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ள வரலயாம், என் மேல ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிடலாம். அவள் கை கதவுப்பக்கம் போகவும் செய்தது.

"அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க," என்றான் அவன். "நான் வரவே இல்லன்னு நினைச்சாக்கூடப் பரவாயில்ல. வந்து வெளியவே நின்னேன்னு தெரிய வேண்டாம்."

காப்பா கையை இழுத்துக்கொண்டாள்.

"நாப்பதாம் நாளுக்கு நீ வரணும்."

"அத்தை…"

"வந்தா சொல்ல மாட்டேன். வரல, ஒண்ணு விடாம அத்தனையும் சொல்லிடுவேன். பிர்ச் மரம், சிகரெட்டு, எல்லாம்."

"என்ன, மிரட்டறீங்களா?"

"மிரட்டறேன். பஸ்ஸு லேட்டு, உன் மேல தப்பில்ல, தப்பு என் மேல. அம்மாகிட்ட அப்படித்தான் சொல்லப் போறேன். நீயும் அதையே சொல்லு. மாத்திப் பேசி என்னை மாட்டி விட்டுடாத."

கடற்பறவைகள் மறுபடி கத்தின. "சரி" என்றானா, வெறுமனே மூச்சுதான் விட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இணைப்பு போய்விட்டது.

கூடத்தில் பெலகேயா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"என்ன சொன்னான்? பஸ்ஸு லேட்டா?"

"லேட்டுதான். ரோடு அப்படி இருந்துச்சு."

"கூழு நேரத்துக்கு வந்திருந்தா?"

"வந்து உக்காந்திருப்பான்," என்றாள் காப்பா. "உங்க பக்கத்துலயே உக்காந்திருப்பான்."

பெலகேயா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் ஒரு பக்கம் இளகியும் ஒரு பக்கம் இறுகியும் இருந்தது. "நாப்பதை வீட்டுலயே வச்சுக்கறேன். நீ வர வேண்டாம்."

போயிருந்தால் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். அது தெரிந்ததால்தான் காப்பா போகவில்லை. அன்று கூடத்தில் வெளியூர்க்காரர்களுக்குத் தேன்மது ஊற்றிக்கொண்டிருந்தாள். ஃபைனா மட்டும் போய்விட்டு வந்தாள்.

"வந்திருந்தான்டி. தாடியை எடுத்துட்டான். நாய்க்குட்டி மாதிரி ஓரமா உக்காந்திருந்தான். அம்மாக்காரி ஒரு வார்த்தை பேசல. மீன் ரொட்டியில தலைப்பக்கத்தை வெட்டி அவன் தட்டுல வச்சா. சவ்வாத்தி சாப்பிடற துண்டு. அவன் குனிஞ்சுகிட்டே தின்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தாங்க எல்லாரும்." ஃபைனா அவளை உற்றுப் பார்த்தாள். "அவனும் கூடச் சேந்து தலையாட்டினான். ஏன்டி, சிரிக்கிற?"

"சிரிக்கல."

அதற்குப் பிறகு ஊரில் துக்கப் பந்திக்கு யாரும் காப்பாவிடம் சொல்லி அனுப்பவில்லை. படகுத்துறைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடச் சமையற்காரியிடம் போனார்கள். போரீஸ் கிழவர் அவளைக் கண்டால் தொப்பியைத் தொடுவதை நிறுத்திவிட்டார். தனக்குக் கிடைக்கும் பழியில் பாதி தனக்குச் சேராதது என்று காப்பாவுக்குத் தெரியும். பாதி சேரும் என்பதும் தெரியும். கூழை ஊற்று என்று அவள் சொன்னபோது பிர்ச் மரத்தைப் பற்றியோ சிகரெட்டைப் பற்றியோ அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் ஒருவன் தயங்கி நிற்கிறானா என்று பார்த்துவிட்டு அவள் அதைச் சொல்லவில்லை. எந்தப் பாதி எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்க்க முயன்றாள், முடியவில்லை, விட்டுவிட்டாள்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் ரொட்டிக் கடை வரிசையில் பெலகேயா அவளுக்கு முன்னால் நின்றாள். திரும்பாமலேயே நின்றாள்.

"என்ன பாட்டி, இன்னிக்கு ரெண்டு ரொட்டியா?" என்று கேட்டாள் கடைக்காரி.

"மகன் வந்திருக்கான்."

ரொட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பெலகேயா திரும்பினாள். காப்பாவின் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, உரசாமல் ஒதுங்கி, வெளியே போனாள். காப்பா வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்து, கறுப்பு ரொட்டி பாதி போதும் என்றாள்.